வேலு அண்ணன் தேடி எடுத்த பந்து

தங்கவேலு அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் பழைய கோல்ஃப் ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் ஈப்போவில் ஒரு கோப்பிக்கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தேன். நான் நம்பவில்லை. இதே குழு முன்பு ஒருவருக்கு அஞ்சலி எழுதி முடித்த பிறகு, அந்த ஆளே வந்து 'நான் இருக்கேன்லா' என்று எழுதியிருந்தார். அதனால் அண்ணனின் எண்ணுக்கே அழைத்தேன். மகள் கவிதா எடுத்து, உண்மைதான் சித்தப்பா, அப்பா காலையில எழுந்திருக்கல என்றாள். அப்போதும் டாக்டர் வந்து பார்த்தாரா என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

என் புத்தி அப்படி. எதையும் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாது. அஞ்சலிக் கூட்டத்தில் அவரை வானளாவப் புகழ்ந்தவர்களையும் நான் நம்பவில்லை. அவர்களில் பாதிப் பேர் அவர் இருந்தபோது அவரோடு உட்கார்ந்து ஒரு கோப்பை தே கூடக் குடித்தவர்கள் இல்லை.

வேலு அண்ணன் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். துரைமார் கோல்ஃப் ஆட ஒன்பது குழி வெட்டி வைத்திருந்த மைதானத்தில் புல் வெட்டப் போனவர், யாரோ தூக்கிப் போட்ட உடைந்த மட்டையை ஒட்டி எடுத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். கடைசிவரை லாலாங் புல்லைக் கத்தியால் வீசுகிற மாதிரிதான் மட்டையை வீசினார். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் பந்து நேராகப் போகும். முறையாகக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் முதல் குழியில் சிரிப்பார்கள். கடைசிக் குழியில் அவர் எண்ணிக்கையைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள். தொழில்முறை ஆட்டக்காரராகி ஜகார்த்தா, பேங்காக், மணிலா என்று சுற்றினார். அந்த ஆண்டுகளில் சரசு அண்ணிதான் செமோரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டை நடத்தினார். அண்ணி ஒருநாளும் மைதானத்துப் பக்கம் வந்ததில்லை. தான் வந்து நின்றால் அவருக்குக் கை நடுங்கும் என்பார்.

நானும் அதே தொழிலில் இருந்தவன். அவருக்கு மூன்று வயது இளையவன். நான் மோசமாக அடித்துவிட்டுப் பந்தில் குறை தேடித் தூக்கிப் பார்த்தால் உடனே சொல்வார்: "மணி, காத்தச் சந்தேகப்படு, பந்தச் சந்தேகப்படாத." அதை அறிவுரையாக நான் எடுத்துக்கொண்டதே இல்லை. என்னைக் குத்திக் காட்டுகிறார் என்றே நினைத்தேன்.

இனி, உங்களில் பலர் என் வாயாலேயே கேட்டிருக்கும் கதைக்கு வருகிறேன். ஈப்போவில் நடந்த ஒரு போட்டியின் கடைசி நாள். நானும் அவரும் சமநிலையில் கடைசிக் குழிக்கு வந்தோம். எங்கள் ஆட்டத்தில் ஒருவன் எத்தனை அடி அடித்தான் என்ற கார்டை மற்றவன் எழுத வேண்டும். அன்று அவருக்கு நான் மார்க்கர். அவர் அடித்த பந்து ஓரத்து ரப்பர் மரங்களைத் தாண்டி லாலாங்குக்குள் விழுந்தது. தேடுவதற்குச் சில நிமிடம்தான் அனுமதி, கிடைக்காவிட்டால் தண்டனையாக ஓர் அடி கூடும். அவர் உள்ளே போனார். நேரம் முடியப் போகும்போது பந்து கிடைத்துவிட்டதாகக் குரல் வந்தது. அங்கிருந்தே அடித்துக் கொடியருகே கொண்டுவந்து போட்டார். அவரைவிட ஒரே ஓர் அடி கூடுதலாக அடித்து நான் தோற்றேன். அத்தனை உயரப் புல்லில் அந்தப் பந்து எப்படிக் கிடைத்தது, சட்டைப்பையிலிருந்து இன்னொன்று விழுந்திருக்காதா என்று முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்தேன்.

அவர் ஏமாற்றினார் என்று நான் எங்கும் சொன்னதில்லை. கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுக் கோப்பியைக் கலக்குவேன், மீதியை மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். ஒரு கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு அவர் பெயர் அடிபட்டபோது அங்குள்ளவர்கள் என்னைக் கேட்டார்கள். ஆள் தங்கமானவர், ஆனால், என்று இழுத்து நிறுத்தினேன். வேலை வேறொருவருக்குப் போனது. அதன் பிறகு அண்ணன் செமோர் பக்கத்தில் ஒரு பயிற்சித் திடலில்தான் கடைசிவரை சொல்லிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகும் நாங்கள் சேர்ந்து ஆடினோம். விளையாட்டாக ஆடும்போதுகூட, அவர் பந்து புல்லுக்குள் போனால் தொடமாட்டார். குனிந்தபடியே, "மார்க்கர், வந்து பாரு," என்று என்னைக் கூப்பிடுவார். தான் யோக்கியன் என்று காட்டுவதற்காக நாடகம் போடுகிறார் என்று எனக்கு எரிச்சல் வரும், நின்ற இடத்திலிருந்தே அடிக்கச் சொல்லிவிடுவேன். என் மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது வாரம் தவறாமல் ஆவியில் வெந்த பாவ் வாங்கிக்கொண்டு வந்தார். இந்த மனிதனுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டும் என்று அப்போதும் யோசித்தேன். பாவைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கருமக்கிரியை அன்று செமோர் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு முடிந்ததும் அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். யார் என்ன போட்டுக் கொடுத்தார்களோ என்றுதான் என் மனம் முதலில் போனது.

"தம்பி, நீங்க சொல்ற கதை எனக்கும் வந்திருக்கு," என்றார். "ஒன்னே ஒன்னு கேக்குறேன். அன்னிக்கு அவரு உங்களக் கூப்பிடலையா?"

முப்பது ஆண்டுகளில் யாருமே கேட்காத கேள்வி அது. கதையில் அந்த இடத்தை நான் கவனமாகத் தாண்டிவிடுவதால் யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

கூப்பிட்டார். அதுதான் உண்மை. அவர் தம் பந்துகளில் எல்லாம் நீல மையால் ஒரு சின்ன வேல் வரைந்திருப்பார். அதைக் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டு ஆடுவதுதான் முறை. லாலாங்குக்குள்ளிருந்து, "மணி, வந்து பாருலா, என் வேல்தான்," என்று கத்தினார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். "வேணாம்ணே, அடிங்க," என்றேன். பிறகு அவர் கார்டில் கையெழுத்தும் போட்டேன்.

ஏன் போகவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். போய்ப் பார்த்தால் அதில் வேல் இருந்துவிடும் என்று பயந்தேன். இருந்துவிட்டால் என் தோல்விக்கு நான்தான் காரணம் என்று ஆகிவிடும். பார்க்காமல் விட்டால் என்றைக்கும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

அண்ணியிடம் இத்தனையும் சொன்னேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"தெரியும் தம்பி. அன்னிக்கு வீட்டுக்கு வந்தவொடனே சொல்லிட்டாரு. இன்னொருக்கா கூப்பிட்டா வருவான், அவனே வந்து பாக்கட்டும்னு சொன்னாரு. நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்."

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கதையை என்னிடம் கேட்டு நீங்கள் வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், அவர்களைத் தேடிப்பிடித்து இதையும் சொல்லிவிடுங்கள். தங்கவேலு அண்ணன் அன்று நேர்மையாக ஜெயித்தார். இதை நான் பந்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்கச் சொல்லி அவர் கூப்பிட்டதை வைத்துச் சொல்கிறேன்.

அவருடைய மட்டைகளில் ஒன்றை ஞாபகமாக எடுத்துக்கொள்ளும்படி கவிதா சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். புல்லுக்குள் குனிந்தபடி என்னைக் கூப்பிட்ட அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் அது என்னைக் கூப்பிட்டது, ஒருமுறைகூட நான் போகவில்லை.