கீழே தூண் மட்டும்

காலை ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தபோது, தூணக்கா சமையலறையில் நின்று மட்டம் பார்க்கும் தன் நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். விரலால் சுண்டிச் சுண்டி உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவது அவருக்குப் பல் தேய்ப்பது போல அன்றாட வேலை. ஒரு குமிழி தங்கிவிட்டாலும் டியூபின் இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது. அளவு பொய் சொல்லிவிடும். பேசியது தம்பியின் மனைவி. "அண்ணி, கீழ தண்ணி பூந்துடுச்சு. அவரு உள்ளதான் இருக்காரு. கதவு தெறக்க மாட்டேங்குது." டியூபைப் போட்டது போட்டபடி ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தூணக்கா நகராட்சியில் கட்டட ஆய்வாளர். ஆற்றோரத் தெருக்களில் வீடு கட்டுகிறவர்கள் கீழ்த்தளத்தில் சுவர் எழுப்பக் கூடாது என்பது விதி. வீடு தூண்கள்மேல் நிற்க வேண்டும். வெள்ளம் வந்தால் தூண்களுக்கு நடுவே புகுந்து தன் வழியே போய்விட வேண்டும். பழைய வெள்ளம் ஏறிய உயரத்தை டியூப் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு தூணிலும் தன் கையாலேயே நீலக் கோடு இழுப்பார். பெயிண்ட் டப்பாவை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். அவருடைய நகக்கண்களில் அந்த நீலம் ஒருநாளும் முழுதாகப் போனதில்லை. கோடு காய்வதற்குள் ஒருமுறை சொல்லிவிடுவார்: "கீழ தூண் மட்டும்." இதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஊர் அந்தப் பெயரை வைத்தது.

"தூணக்கா வருது, திரையைக் கழட்டு" என்று தெருக்கோடியிலிருந்து ஒரு குரல் வரும். தூண்களுக்கு நடுவே அடித்திருந்த தகரமும் பலகையும் அவசர அவசரமாகக் கீழே இறங்கும். ஒருமுறை ஒரு மேஸ்திரி, சுவரே எழுப்பிவிட்டுப் பல்லைக் காட்டினார்.

"சும்மா கார் நிறுத்தத்தான் மேடம்."

"சரி. காருக்கு எதுக்குய்யா ஜன்னலு? வேடிக்கை பாக்குமா?"

"காத்தோட்டத்துக்கு மேடம்..."

"ஓ. அப்ப அந்தக் கட்டில் காரு படுக்கறதுக்கா?"

மேஸ்திரியே சிரித்துவிட்டார். சுவர் மறுநாள் இடிந்தது.

எங்கே போனாலும் அவர் கைப்பையைத் தரையில் வைப்பதில்லை. ஆணி தேடுவார், இல்லாவிட்டால் மடியிலேயே வைத்துக்கொள்வார். விருந்துக்குப் போன வீட்டில் எல்லோரும் குழந்தையைக் கொஞ்சும்போது, இவர் கண் சுவரின் அடிப்பக்கத்துக் கறையில் நிற்கும். "அரிசி மூட்டையக் கீழயா வெச்சிருக்கீங்க?" என்பதுதான் அவருடைய நலம் விசாரிப்பு. அவர் வீடு இருப்பது இரண்டாவது மாடியில். அங்கேயும் பீரோவுக்கு அடியில் செங்கல் கொடுத்திருக்கிறார்.

இவ்வளவு கறாரான மனுஷிக்கு வாய்த்த தம்பி அதே ஆற்றோரத் தெருவில் வீடு கட்டினான். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. தையல் மிஷின் பழுது பார்ப்பவன். முதலில் ஒழுங்காகத் தூண்கள்மேல்தான் கட்டினான். பிறகு தொழிலுக்கு இடம் போதவில்லையென்று கீழே நாலு பக்கமும் சுவர் வைத்து, ஜன்னலுக்குக் கம்பி போட்டு, இரும்புக் கதவும் மாட்டிவிட்டான்.

"ஊருக்குத்தான் நீ அதிகாரி. எனக்கு அக்காதானே?"

"அக்காங்கறதாலதான்டா சொல்றேன். தண்ணிக்கு வழி விடு. இல்லன்னா அது உன்ன வெளிய விடாது."

"அப்ப மிஷினையெல்லாம் உன் தலை மேலயா வெக்கறது?"

"வை. என் தலை கோட்டுக்கு மேலதான் இருக்கு."

அன்று சிரித்தான். சுவரை இடிக்கச் சொல்லும் நோட்டீசை அவரே வந்து கதவில் ஒட்டியபோது சிரிக்கவில்லை. அதன்பின் கடைத்தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். கெடு முடிகிற நாளில் அலுவலகத்துக்கு வந்து, மற்றவர்களோடு வரிசையில் நின்றான். முறை வந்ததும் நாற்காலியில் உட்காராமல், "மேடம், பள்ளிக்கூடம் தெறக்கற நேரம். டெய்லருங்க மிஷினெல்லாம் எங்கிட்ட கெடக்கு. ஒரு மாசம் டைம் குடுங்க" என்றான்.

தூணக்கா அதுவரை யாருக்கும் ஒருநாள்கூடக் கெடு நீட்டித்தவரல்ல. ஆனால் அந்த 'மேடம்' அவரை அறுத்தது. ஒரு மாதம் கொடுத்துவிட்டார். மழை முந்திக்கொண்டது.

விடியலில் ஆறு ஏறியதும், அடுத்தவர் மிஷின்கள் நனைந்துவிடுமே என்று அவன் கீழே இறங்கியிருக்கிறான். வெளிப்பக்கம் திறக்கும் கதவைத் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் தூண்களுக்கு நடுவே வெள்ளம் புகுந்து போனது. தூணோடு கட்டியிருந்த சைக்கிள் கட்டியபடியே நின்றது.

"ஊரெல்லாம் கோடு போட்டாங்க, கூடப்பொறந்தவனக் கோட்டை விட்டுட்டாங்க" என்று டீக்கடையில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. விடுப்பு முடிந்ததும் பெயிண்ட் டப்பாவோடு கிளம்பிவிட்டார். இப்போதும் தினமும் போகிறார். ஒரு வித்தியாசம்தான். முன்பெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். இப்போது போவதில்லை. சுவருக்கு எதிரே பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார். "நாளைக்கு ஆளு வருவாங்க மேடம், நீங்க கெளம்புங்க" என்றால் நகர்வதில்லை. முதல் அடி விழுந்தாலும் போதாது. முதல் செங்கல் முழுதாகக் கையில் வர வேண்டும். அதை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.

அதற்குக் காரணம், தண்ணீர் வடிந்த பிறகு தம்பி மனைவியோடு அந்தக் கீழறைக்குள் அவர் பார்த்தது.

சேற்றில் மிஷின்கள் கவிழ்ந்து கிடந்தன. பின்சுவரை மறைத்து நின்றிருந்த அலமாரியை வெள்ளம் நகர்த்தியிருந்தது. அதன் பின்னால் மேல் வரிசையில் சில செங்கற்கள் இல்லை. வெளிச்சம் அந்த வழியாக உள்ளே வந்தது. கை நுழையும், தோள் நுழையாது. கழற்றிய செங்கற்கள் மூலையில் அடுக்கியபடியே இருந்தன.

"ஞாயித்துக்கெழமை ஆரம்பிச்சாரு அண்ணி" என்றாள் அவள். "வேலை முடிஞ்சப்பறம் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாரு. சுவர முழுசா எடுத்துட்டு உங்களக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு சொன்னாரு. 'அதுவரைக்கும் மேடத்துக்கிட்ட மூச்சு விட்டுடாத'ன்னு சிரிச்சாரு."

தூணக்கா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அடுத்த செங்கலைச் சுற்றி மூன்று பக்கமும் சிமென்ட் கொத்தி எடுக்கப்பட்டிருந்தது. உளி இடுக்கிலேயே செருகி நின்றது. உள்ளங்கையை வைத்து அசைத்துப் பார்த்தார். செங்கல் ஆடியது, வரவில்லை. நான்காவது பக்கம் இன்னும் கொத்தப்படவில்லை.