வராததை முதலில் எழுதியவன்

கோடு போட்ட அந்தத் தாளை நடுவில் மடித்தது நான்தான். இடது பக்கம் ‘வரும்’, வலது பக்கம் ‘வராது’. என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, நாற்பது வயதில் தருமபுரியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் தொழில் பழகக் கிளம்பியிருந்தான். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கரில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தவன். கிணறும் போர்வெல்லும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்த பிறகு, காய்ந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை. பட்டறையை நடத்துகிறவர் அவனைவிட எட்டு வயது இளைய பெண். சேர்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “உங்களுக்கு என்ன வரும், என்ன வராதுன்னு நீங்களே யோசிச்சு எழுதிட்டு வாங்கண்ணா. பார்த்துட்டுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டாராம்.

எழுத்து என்று வந்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேறு எதற்கும் கூப்பிடுவதில்லை. நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் பெயர் வாங்கியவன் என்பது என் எண்ணம். வாங்கிய பெயர் என்ன என்று என் மனைவி வெளியில் சொல்வதில்லை. இடது பக்கத்தை அரை மணி நேரத்தில் நிரப்பினேன். ‘இயந்திரங்களின்பால் இயல்பான நாட்டம். இடர் வந்துற்ற வேளையிலும் நிலைகுலையாமை.’ தோட்டத்தில் குளவிக்கூடு கலைந்த அன்று வேலியை முதலில் தாண்டிக் குதித்தவன் அவன்தான் என்பது நினைவுக்கு வந்தது. இலக்கியத்தில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டேன். வலது பக்கத்தில் ‘குறிப்பிடும்படி ஏதுமில்லை’ என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

அவன் மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தான். “யாரு மாமா இவன்? நல்லவனா இருக்கறானே” என்றான். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டான்.

“வராததுல ஒண்ணு இருக்குது மாமா. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும்.”

சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். “டேய், உன்னையத்தானடா இத்தினி வருசமா பழம் பொறுக்க வுட்டோம்! சந்தையிலருந்து ஒரு கூடை திரும்பி வந்ததில்லையே!”

“கண்ணுல பாத்தா பொறுக்குனேன்? காம்பு வுடறதுல தெரியும்க்கா. கட்டை வெரலு வெச்சா தெரியும்.”

நம்பாமல் அவள் ஒரு முறம் தக்காளியைக் கொண்டுவந்து கொட்டினாள். காய், செங்காய், பழம் எல்லாம் கலந்து கிடந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, லேசாக அழுத்தி, மூன்று குவியலாக வைத்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்படியானால் சாலையில் சிக்னலுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். “மேல எரிஞ்சா நிக்கறது, கீழ எரிஞ்சா போறது. எல்லாரும் அப்பிடித்தான்னு நெனச்சேன்” என்றான். பதினெட்டு வருடமாக அவனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மனித மனத்தின் ஆழங்களைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். எதிரில் இருக்கிறவனுக்கு என்ன தெரிகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்து நான் சொன்னதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. “அதை எதுக்கு மாப்ள எழுதற? யாருக்குத் தெரியப் போவுது? எந்தக் கம்பி எந்தப் பக்கம்னு மனப்பாடம் பண்ணிக்க.” அவனுக்கு அந்த வேலை கிடைத்துவிட வேண்டும் என்கிற பதைப்பில்தான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன்.

அவன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “செவப்புல கரண்டு, பச்சையில எர்த்து மாமா. மாத்திக் குடுத்துட்டன்னா, மோட்டாரத் தொடறவன் வூடு போய்ச் சேர மாட்டான்” என்றான். என் வாக்கியங்கள் அத்தனையையும் அடித்துவிட்டு, வலது பக்கத்தில் முதல் வரியாக அதை எழுதினான். இடது பக்கத்தில் ஒரே வரி: ‘கை வைத்தால் தெரியும், காது கொடுத்தால் தெரியும்.’

மறுநாள் துணைக்கு நானும் பஸ் ஏறினேன். பட்டறைப் பெண்மணி வலது பக்கத்தைத்தான் முதலில் படித்தார். “நெறம் தெரியாம ஒயர் வேலை குடுக்க முடியாதுங்கண்ணா” என்றார். அவன் தலையாட்டினான். பிறகு அவர் இடது பக்கத்தைப் படித்தார். உள்ளே போய் இரண்டு பேரிங் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்று கிரீஸ் அப்பிக் கருத்துக் கிடந்தது. கருப்புதான் கெட்டது என்று நான் மனத்துக்குள் தீர்ப்பெழுதி முடித்தேன். அவன் இரண்டையும் காதோரம் வைத்து விரலால் சுற்றினான். பளபளப்பானதைத் தள்ளி வைத்தான். “இது போயிருச்சுங்க மேடம். உள்ள மணல் கடிக்குது.”

“ஒயரைத் தொடக் கூடாது. பம்பு பக்கம் வந்துருங்க” என்றார் அவர்.

மூன்று வருடம் ஆகிறது. பம்பு இறக்குவதென்றால் இப்போது பல ஊர்களில் அவனைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் ஏரியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். மோட்டார் இறங்கிவிட்டது, கம்பி மாட்டுவதுதான் பாக்கி. பட்டறை எலக்ட்ரீஷியன் வரும் வண்டி வழியில் பஞ்சர். பயிர் வாடிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் பொறுமை இழந்தார். “நாலு கம்பிதானப்பா? நீயே மாட்டி வுட்டுரு.”

“எனக்குச் செவப்பு பச்சை தெரியாதுங்க. அது எனக்கு வராது. அவரு வந்துரட்டும்.”

சுற்றி இருபது பேர் இருந்தார்கள். “தக்காளிக்காரனுக்குச் செவப்பு தெரியாதாம்ல!” என்று அவன் பழைய தொழில் தெரிந்த ஒருவர் எடுத்துக் கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள். அவனும் அவர்களோடு சிரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தான். ஒரு மனிதன் இத்தனை பேர் நடுவில் இவ்வளவு சாதாரணமாக அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இவன் என் மைத்துனன் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அதுதான் வினையாயிற்று. தோட்டக்காரர் என் பக்கம் திரும்பினார். “சாரு படிச்சவராட்டம் இருக்கறாரு. நீங்க மாட்டுங்க சார்.”

மாட்டு நோய் முதல் மழைக் கணக்கு வரை கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லியே ஐம்பது வயதைத் தொட்டவன் நான். நாக்கு நுனி வரை ஏதோ வந்தது. விழுங்கிக்கொண்டு, “எனக்கும் வராதுங்க” என்றேன்.

நிழலிலிருந்து குரல் வந்தது. “வராதது அது ஒண்ணுதானா மாமா?”