அக்காவின் பாட்டுச் செட்டும் கொழுந்து மெஷின் பேட்டரியும்

காலை பத்து மணிக்கு, தேயிலை நிரையின் நடுவில், கொழுந்து வெட்டும் மெஷின் ஒரு முனகலோடு நின்றுபோன அந்தக் கணம் இன்னும் என் கையில் இருக்கிறது. கத்தி பாதித் தளிரைக் கடித்தபடி நின்றுவிட்டது. பேட்டரியை இடுப்பில் கட்டியிருந்த அக்கா, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி மேலே சுற்றியிருந்த படங்குச் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு, கையால எடுப்போம் வா புள்ள" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராக்காரர், ஒரே சுவர்தான் நடுவில். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பேட்டரி மெஷின் வந்தபோது இரண்டு பேருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒருத்தி வெட்ட வேண்டும், மற்றவள் பையைப் பிடிக்க வேண்டும். அக்காவும் நானும் ஜோடி. பேட்டரியை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, விடிந்ததும் பேர் பதியப் பெரட்டுக்கு ஆள் கூடும்போது எடுத்து வருவார். அது பாதியில் செத்தால் குறித்த கிலோ வராது. கிலோ வராவிட்டால் இரண்டு பேருக்கும் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரைப் பேர் வாங்கினால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? எனக்கு அது சாதாரண நாளிலேயே கொஞ்சம் நீளம்.

பேட்டரி ஏன் செத்தது என்பது லயத்துக்கே தெரியும். அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மார்கழி பஜனையில் முன்னால் நின்று பாடுகிறவர். மார்வலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். அவர் பாடிய ஒரு கேசட் மட்டும் அக்காவிடம் இருந்தது. லயத்துக்குக் கரண்டு வருமுன்னால், கேசட் செட்டில் எட்டு டார்ச் பேட்டரி போட்டு, அவர்கள் காம்பராவிலேயே பதிவு செய்தது. காலையில் ரொட்டி சுடும்போது அதைப் போடாவிட்டால் அக்காவுக்குப் பொழுது விடியாது. நாடெங்கும் மணிக்கணக்கில் கரண்டை வெட்டிய காலத்தில், டார்ச் பேட்டரி வாங்கக் கட்டுபடியாகாமல், மெஷின் பேட்டரியிலிருந்து வயர் இழுத்துச் செட்டுக்குக் கொடுக்கப் பழகிக்கொண்டார். வயரின் தோலைப் பல்லாலேயே உரித்துவிடுவார், அவ்வளவு கெட்டிக்காரி.

அதுவரை எனக்கும் புரிந்தது. ஆனால் கரண்டு வெட்டு நின்ற பிறகும் அவர் அந்த வயரைக் கழற்றவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. ஒருநாள் மலையிலேயே கேட்டுவிட்டேன்: "கரண்டுதான் ஒழுங்கா வருதே, அதுல போட்டுக் கேளுங்களேன் அக்கா?"

அக்கா கொழுந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கரண்டுல போட்டா பாட்டு மட்டுந்தாண்டி கேக்கும்."

"அடியாத்தி! பின்ன செட்டுல சோறா வேகும்?" என்றேன். அவர் சிரித்தார். நான் மேலே கேட்கவில்லை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை மெஷின் நின்ற அன்று சாயங்காலம், கொழுந்து நிறுத்து முடித்த கையோடு ஆபீஸ் பக்கம் போய், மேற்பார்வை பார்க்கும் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். "பேட்டரிய வீட்டுக்குக் குடுக்காதீங்க ஐயா, அக்கா அதுல பாட்டுக் கேக்குறாங்க." மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் அவர், "மெஷின் பேட்டரி பாட்டுக் கச்சேரிக்கு இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். இனிமேல் பேட்டரிகள் ஆபீஸிலேயே சார்ஜ் ஆகும் என்றும், அக்கா பழையபடி கைக் கொழுந்துக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு வேறொருத்தி ஜோடியாக வந்தாள். நாள் தவறாமல் முழுப் பேர் விழுந்தது.

சொன்னது யார் என்று அக்கா ஒரு நாளும் கேட்கவில்லை. எப்போதும் போல எனக்குப் பால் போடாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்தார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் பாட்டு நின்றுபோனது. சில நாள் கரண்டில் போட்டுப் பார்த்தார். பிறகு செட்டின் மேல் ஒரு பழைய சேலைத் துண்டைப் போட்டு மூடிவிட்டார். 'நாந்தாங்க்கா' என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஊர்ச் சண்டைக்கெல்லாம் நீளும் இந்த வாய் அதற்கு மட்டும் வரவில்லை. போன ஐப்பசி மழையில் சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் அக்காவின் மகள் காம்பராவைக் காலி செய்ய வந்தாள். "சித்தி, அம்மாவோட செட்ட நீங்களே வச்சுக்குங்க" என்று கேசட்டோடு கொடுத்துவிட்டுப் போனாள். கரண்டில் போட்டேன். லயத்துப் பழைய வயரிங்குக்கு 'ங்ங்' என்று ஓர் இரைச்சல், அதற்கு மேலே மாமாவின் பாட்டு. நல்ல பாட்டுதான். ஆனால் இதற்காகவா அக்கா அந்தப் பாடுபட்டார் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன மாதம் தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில், கரண்டு போனால் வைஃபை பெட்டிக்குக் கொடுக்கிற சின்ன பேட்டரிப் பெட்டியைப் பார்த்தேன். கரண்டில் பாட்டு மட்டும்தான் கேட்கும் என்று அக்கா சொன்னது நினைவு வர, வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் மகனிடம் செட்டோடு சேர்க்கச் சொன்னேன். அவன் சேர்த்துவிட்டுப் பந்தடிக்கப் போய்விட்டான். பட்டனை அமுக்கினேன்.

இரைச்சலே இல்லை. பாட்டும் இல்லை. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம். யாரோ நகர்ந்து உட்காருகிறார்கள்.

"அமுக்கிட்டியா புள்ள?" மாமாவின் குரல்.

"அமுக்கிட்டேன், பாடுங்க." அக்கா! இருபது வயதுகூட இருக்காது அந்தக் குரலுக்கு.

"நீயும் கூடப் பாடு."

"ஐயே, நா மாட்டேன். யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க."

"யாரு கேக்கப் போறா? நாம ரெண்டு பேருதானே."

அக்கா சிரிக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல், வெகுநேரம் சிரிக்கிறார். கரண்டு இரைச்சலில் முங்கிப்போனது இதுதான். நான் ஆபீஸில் போய்ச் சொல்லி அவரிடமிருந்து பிடுங்கியதும் இதுதான்.

"அக்கா, சொன்னது நாந்தாங்க்கா" என்றேன், செட்டைப் பார்த்து, சத்தமாக.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.