புளியங்கொட்டையும் செயற்கை மூளையும்

1967 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். சவரம், குளியல், வெண்ணெய் தடவிய ரொட்டி, பாலில்லாத காப்பி. வலது கால் ஷூவை முதலில் மாட்டினேன். இடது காலை முதலில் மாட்டிய நாள் எதுவும் நினைவில் இல்லை. புளிய மரங்கள் நிழல் பரப்பிய தெருக்களில் சைக்கிளை மிதித்து, டான் சோன் நாட் விமான நிலையத்திலுள்ள எங்கள் சரக்கு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தலைக்கு மேலே போர் விமானங்கள் காதைப் பிளந்தன. அதுவும் வழக்கம்தான்.

வழக்கத்தில் இல்லாதது பத்து மணிக்கு நடந்தது. பிரெஞ்சு மேலாளர் என்னையும் எதிர் மேசைக் குமாஸ்தாவையும் கூப்பிட்டார். அவரும் என்னைப் போலக் காரைக்கால்காரர். புதிதாக வந்திருக்கும், துளையிட்ட அட்டைகளைப் படித்துக் கணக்குப் போடும் எந்திரமே சரக்குப் பட்டியல் போட்டுவிடுமாம்; இங்கே ஒரு குமாஸ்தா போதுமாம். மற்றவர் டா நாங் கிளைக்குப் போக வேண்டும். யார் என்பதைச் சாயங்காலத்துக்குள் நாங்களே முடிவு செய்து சொல்ல வேண்டும். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில் அவருக்கு இருந்த கை லாவகம் எந்த எந்திரத்துக்கும் வராது.

டா நாங்கில் குண்டு விழும். அதைவிட, குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாதாம். எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கிலி.

வெளியே வந்ததும் எதிர் மேசைக்காரர் சொன்னார்: "ஓய் மெசியே, ஒற்றையா இரட்டையா போட்டுப் பார்த்துடுவோம். மூணுல ரெண்டு. நான் பிடிக்கிறேன், நீர் சொல்லும். சரியாச் சொன்னா நான் போறேன்."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். காரணம் இருந்தது. எந்திரத்தை நிறுவ வந்த பொறியாளர் ஒருநாள் காப்பி குடித்தபடி பிரெஞ்சில் விளக்கியிருந்தார்: மனிதன் யோசிப்பதும் ஒரு கணக்குதான், வென்றபின் என்ன செய்கிறான், தோற்றபின் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டே வந்தால் அடுத்ததைச் சொல்லிவிடலாம், அதை எந்திரத்துக்குக் கற்றுத் தந்தால் அதுதான் செயற்கை மூளை.

எந்திரம் கற்கும்வரை காத்திருப்பானேன் என்று நானே கற்றுக்கொண்டேன். எதிர் மேசைக்காரரும் நானும் தினமும் மதியம் புளியங்கொட்டையை வைத்து ஒற்றை இரட்டை ஆடுவோம். தோற்றவர் போய் ஐஸ் காப்பி வாங்கி வர வேண்டும். மேசைக்கு அடியில் அவர் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைப்பார்; ஒற்றையா இரட்டையா என்று நான் சொல்ல வேண்டும். அவரைக் கவனித்துக் கவனித்து இரண்டே விதிகளில் அடக்கிவிட்டேன். வென்றால் அதையே பிடிப்பார், தோற்றால் மாற்றுவார். அவர் மண்டையின் முழுக் கணிதமும் அவ்வளவுதான். அதன்பின் பெரும்பாலும் அவர்தான் காப்பிக்கு நடந்தார்.

மாலையில் மேலாளர் அறையைத் தவிர அலுவலகம் காலியானதும் உட்கார்ந்தோம். மதியம் அவர் ஒற்றை பிடித்துத் தோற்றிருந்தார். ஆகவே மாற்றுவார்.

"இரட்டை" என்றேன்.

கையைத் திறந்தார். அவரே குனிந்து எண்ணினார். ஐந்து.

வென்றுவிட்டார். ஆகவே அதையே பிடிப்பார். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்து நீட்டினார்.

"ஒற்றை."

திறந்தார். மறுபடியும் எண்ணினார். நான்கு.

"நீர்தான் டா நாங்" என்றார்.

"உமக்கே தெரியாமல்தான் பிடித்தீரா?"

"ஆமாம் ஓய். தினம் தோக்கறேனே, என் மண்டையில எங்கேயோ ஓட்டை இருக்கு, அது வழியா நீர் எட்டிப் பார்க்கிறீர்னு புரிஞ்சுது. அதான் சாயங்காலம் பை நிறையக் கொட்டையை ரொப்பிக்கிட்டு வந்தேன். கையை விட்டேன், வந்தது வந்துது. நான் யோசிச்சாத்தானே நீர் கண்டுபிடிப்பீர்?"

அவர் யோசிக்காத ஆள் என்று எனக்கு வெகுகாலமாகவே சந்தேகம் உண்டு. அதையே ஆயுதமாக்குவார் என்பதுதான் என் விதிகளில் இல்லை. பொறியாளரும் இதைச் சொல்லவில்லை: யோசிக்கிறவனைத்தான் கணக்குப் பிடிக்கும், சும்மா கையை விடுகிறவனை அல்ல. போகிற வழியில் மேலாளரிடம் என் பெயரைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கிளம்புமுன் எதிர் மேசைக்காரர் தாமாகவே காப்பி வாங்கித் தந்தார். அதுவும் விதியில் இல்லை.

மறுநாள் காலை எழுந்ததும், சவரத்துக்கும் முன்னால், அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினேன். இழுப்பறையில் கையை விட்டு, வந்த காலுறைகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டேன்.

"எத்தனை ஜோடி வச்சிருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

அவள் கிட்டே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.