நோய் பிடிக்காத பெட்டை மீன்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் சீமெந்துத் தொட்டி கட்டி என் மனைவி கப்பி மீன் வளர்த்தாள். வெளிநாட்டுக்கு அலங்கார மீன் அனுப்புகிற வத்தளைக்காரர் ஒருவர் அவற்றை வாங்குவார். சண்டைக் காலம். மீன் பைகளோடு நான் பஸ்ஸில் போனால், களனிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒரு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுவான். நான் வேலை செய்த கப்பல் ஏஜென்சியை மூடிவிட்டார்கள். அந்த நாளில் தமிழனுக்கு வேறு வேலை யார் கொடுத்தார்கள்? மீன்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

அதிலும் மண் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு மீன்களின் தோலில் ஒட்டிக்கொண்டது. சொறி தாங்காமல் அவை சுவரில் உடம்பைத் தேய்க்கும், வால் கிழியும், செத்து மிதக்கும். உப்புத் தண்ணீரில் விட்டால் சுகப்படும். கொஞ்ச நாளில் திரும்ப வரும். இனியும் இப்படி வந்தால் உங்களிடம் எடுக்க மாட்டேன் என்று வத்தளைக்காரர் சொல்லிவிட்டார். மீன் வியாபாரம் நின்றால் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று, ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டிடம் பேசியிருந்தோம். எங்கள் கடைசிப் பிள்ளை அப்போதுதான் தவழ்ந்தது.

கப்பி வளர்ப்பவர்கள் எல்லோரும் வால் விரிந்த, நிறம் கூடிய ஆண்களைப் பார்த்துப் பார்த்து இனத்துக்குப் பொறுக்குவார்கள். பெட்டைகள் சாம்பல் நிறம், அழகில்லை. கையில் அகப்பட்டதைப் போடுவார்கள். நாங்களும் அப்படித்தான். இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு தொட்டிக்கு உப்பே போடவில்லை. சாகிறதெல்லாம் செத்த பிறகு, சொறியாமல் நீந்திய நாலைந்து பெட்டைகளைப் பிடித்து, அங்கேயே தப்பிய ஆண்களோடு சேர்த்தாள். விசரா உனக்கு என்று கத்தினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

குஞ்சுகள் வளர்ந்தன. விற்கப் போகிற நேரம் பார்த்து, மற்றத் தொட்டியில் புழுப் பிடித்த இரண்டு மீன்களை அள்ளி அந்த நல்ல தொட்டிக்குள் விட்டாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. விற்க எங்களிடம் மிஞ்சியிருந்ததே அந்தத் தொட்டிதான்.

"சாகிறதெண்டா இங்கயே சாகட்டும். அங்க போய்ச் செத்தா ஆர் எங்களை நம்புவினம்?" என்றாள்.

நான் கீழே இறங்கிவிட்டேன். பிறகு மாடிப் பக்கமே போகவில்லை, பயம். அவள் விடிய எழும்பிப் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருப்பாள்.

விட்ட இரண்டும் செத்தன. மற்றவற்றில் சில கொஞ்சம் சொறிந்துவிட்டுத் தேறின, பல சொறியவே இல்லை. வத்தளைக்காரர் வந்து ஒரு போத்தலில் மீனைப் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்தார். என்ன மருந்து என்று கேட்டார். மருந்தில்லை, தாய் தகப்பனிடமிருந்து வந்த பலம் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனால் தாய்மீன்களைத் தவிர முழுவதையும் எடுத்தார், அடுத்த ஈற்றையும் தனக்கே தரச் சொன்னார். எவ்வளவு கெட்டிக்காரி! கட்டின நாளில்கூட அவளை நினைத்து நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பயண நாள் சரிவந்துவிட்டதென்று சொல்ல ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். நான் வாசலில் நின்று மாடியைப் பார்த்து அவளைக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையோடு படியிறங்கி வந்தாள்.

"அண்ணே, நான் வரேல்லை. எனக்கு இங்க வேலை இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஓம், இருக்கு" என்றேன்.