மேலவீடு வழியாக ஜெர்மனி

ஜெர்மனிக்கு நான் இரண்டு முறை புறப்பட்டேன். முதல் தடவை போய்ச் சேர்ந்த இடம், அன்னவாசலில் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீடு.

மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, விசா வந்து, டிக்கெட்டும் போட்ட பிறகுதான் அம்மா ஜோசியரிடம் போனாள். மற்றவர்கள் ஜோசியரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவார்கள். அம்மாவுக்கு விசா வரும் என்ற நம்பிக்கையே கடைசிவரை இல்லை, அதனால் அவரைத் தொந்தரவு செய்யாமல் இருந்திருக்கிறாள். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். விமானம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், ஜெர்மனியோ மேற்கே இருக்கிறது. போதாததற்கு அன்றைக்கு என் ராசிக்குச் சந்திராஷ்டமம் வேறு. முந்தின வாரம் வியாழக்கிழமை காலையில் மட்டும் எல்லாம் கூடி வந்திருந்தது.

“டிக்கெட்ட மாத்த முடியாதும்மா,” என்றேன்.

“டிக்கெட்ட யாரு மாத்தச் சொன்னா? வியாழக்கிழமை பரஸ்தானம் வச்சுட்டாப் போச்சு.”

பரஸ்தானம் என்பது வேறொன்றுமில்லை. பயண நாள் சரியில்லாவிட்டால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில் பெட்டியை எடுத்துப்போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் வருகிற கெட்ட நாள், ஏற்கெனவே வழியில் இருப்பவரை ஒன்றும் செய்யாது. கிரகங்களை ஏமாற்ற எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இது. கிரகங்களும் பெரிய மனது பண்ணி இத்தனை காலமாகக் கண்டுகொள்ளாமல் இருக்கின்றன.

அப்பா அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சூலத்தை நம்பாதவர்.

“திருச்சி ஏர்போர்ட்டு நமக்கு வடக்க இருக்கு. மொதல்ல வடக்கதான போறா? அப்பறம் எப்புடி மேக்க சூலம் வரும்?” என்று கேட்டார்.

“போய்ச் சேர்ற எடந்தான் கணக்கு,” என்றாள் அம்மா. தன்னிடமே கணக்குச் சொல்கிறாளே என்று அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

பெட்டியை மட்டும் வைத்திருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அம்மாவிடம் ஒரு முன்னுதாரணம் இருந்தது. என் சித்தி மகன் துபாய்க்குப் போகும்போது பெட்டியை மட்டும்தான் பரஸ்தானம் வைத்தார்கள். அவன் சில மாதங்களில் வேலை பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டான். பெட்டி இன்னமும் துபாயில்தான், யாரோ ஒரு நண்பன் அறையில் இருக்கிறது. ஆகவே பெட்டியோடு ஆளும் போக வேண்டும், போன ஆள் விமானம் ஏறும்வரை சொந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். வைத்தால் புறப்பட்டதெல்லாம் செல்லாது.

போகிற திசையில் உள்ள வீட்டில்தான் தங்க வேண்டும். மேற்கே எங்களுக்கு இருந்தது ஒரே வீடு, மேலவீடு. அங்கேதான் வம்பு.

மேலவீட்டு மாமா கட்டிட கான்ட்ராக்டர். எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவில் இருக்கிற சுவரை அவர்தான் எழுப்பினார். பூச்சு வேலை முடிந்த அன்று அப்பா சுவரின் மேல் வரிசையை விரலால் தட்டிப் பார்த்து, “செங்கல் ஆடுதே” என்று கொத்தனார், சித்தாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மாமா, “நீங்க கணக்குப் போடுங்க சார், செவுத்த நான் போடுறேன்” என்றார். பேச்சு முற்றியது. இனிமேல் உங்கள் தெருவையும் மிதிக்க மாட்டேன், வாசப்படியையும் மிதிக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். வருஷக்கணக்காகப் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தத் தெரு வழியாகப் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர் அவர். அம்மாவும் மேலவீட்டு அத்தையும் மட்டும் அந்த ஆடும் செங்கலுக்கு மேலாகவே கறிவேப்பிலையும் புளியும் பரிமாறிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

அத்தை ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எங்களுக்கு இந்தச் சூலமெல்லாம் கெடையாதுக்கா. ஆனா பிள்ள தங்குறதுக்கு என்ன? மாடி ரூம்பு சும்மாத்தான கெடக்கு” என்றார்.

வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் அம்மா எனக்குத் திருநீறு பூசி, கட்டிப்பிடித்து, மூக்கு சிவக்க அழுதாள். அப்பா பேப்பரை இறக்காமல் “சரி, போ” என்றார். இதெல்லாம் விளையாட்டு, நிஜப் புறப்பாடு பிறகு இருக்கிறது என்ற நினைப்பில் நானும் சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். இரண்டு பெட்டிகளையும் உருட்டிக்கொண்டு டீக்கடை, பால் சொசைட்டி எல்லாம் சுற்றி மேலத்தெருவுக்குப் போனேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று, “நல்லபடியா போயிட்டு வாங்க” என்று கையசைத்தார்கள். நான் இடது பக்கம் திரும்பி மேலவீட்டுக்குள் நுழைந்ததையும் அவர்களே பார்த்தார்கள்.

பெட்டிகளை வைத்துவிட்டுக் கொல்லைக்கு வந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர்கூட இன்னும் காயவில்லை.

“சேந்துட்டியா? போனதும் ஒரு போன் பண்ண மாட்ட?” என்றாள்.

வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களிடம், “அவ போன வியாழக்கிழமையே கெளம்பிட்டாளே” என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் கொல்லையில் நின்று சார்ஜரைத் தூக்கிப் போடச் சொல்லிக் கத்துவேன். ஸ்வெட்டர், சான்றிதழ் ஃபைல், பருப்புப் பொடி எல்லாம் சுவர் மேல் ஏறித்தான் வந்தன. சனிக்கிழமை கோட்டைப்பட்டினத்திலிருந்து மாமா மீன் வாங்கி வந்தார். எங்களுக்குப் புரட்டாசி மாதம், வீட்டில் முட்டைகூட வராது. சுவர் ஓரம் போய் நின்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

“போன எடத்துல கெடைக்கிறதத்தான் சாப்பிடணும்,” என்றாள்.

சாயங்காலம் அத்தை வீட்டில் ஜெபமாலை சொன்னார்கள். நானும் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் விமானத்துக்காகவும் ஒரு மன்றாட்டு வைத்தார்கள். மாமா மட்டும் என்னிடம் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு நாள், “சாருக்குச் சொகமா?” என்று கேட்டார். சார் அப்போது பதினைந்து அடி தள்ளி, இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவும் நானும் போனில்தான் பேசிக்கொண்டோம். அவர் எங்கள் கொல்லையில் நின்று பேசுவார், நான் இந்தக் கொல்லையில் நிற்பேன். அவர் குரல் போனில் ஒரு முறையும் காற்றில் ஒரு முறையும் கேட்கும். ஒரு நாள் தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, “அங்க மழையா?” என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. “லேசா தூறுதுப்பா” என்று பதில் சொன்னேன்.

அவர் கவலை முழுக்கப் பெட்டியின் எடையில் இருந்தது. ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதான் விடுவார்கள். இதற்காகவே புதுக்கோட்டைக்குப் போய்க் கொக்கி வைத்த முள் தராசு ஒன்று வாங்கி வந்திருந்தார். நான் அத்தை வீட்டில் ஆள் நிற்கிற மெஷின் இருக்கிறது, அதில் பார்த்துவிட்டேன் என்றேன்.

“அந்த வீட்டுத் தராச நம்பாத,” என்றார்.

“அப்ப ஒங்க தராச அம்மாகிட்டக் குடுத்து அனுப்புங்க.”

“அதெல்லாம் நாந்தான் பாக்கணும். ஒனக்குப் பிடிக்கத் தெரியாது.”

இதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் காலாண்டுப் பரீட்சை டியூட்டி, ஒரு மணி நேரம்தான் பெர்மிஷன். ஏர்போர்ட்டுக்கு வர முடியாது. இந்தத் தெருவுக்கு வர மாட்டார். நான் அங்கே போகக் கூடாது. அப்படியென்றால் பேப்பருக்குப் பின்னால் இருந்து வந்த அந்த “சரி, போ”தான் இரண்டு வருஷத்துக்கு எனக்கு மிச்சமா? அன்றைக்குச் சிரித்துக்கொண்டு வேறு இறங்கியிருக்கிறேன். ஓடிப்போய் நம் வீட்டுக்குள் நுழைந்துவிடலாம் என்று கொல்லைக் கதவுவரை போனேன். அம்மாவின் முகத்தை நினைத்துத் திரும்பினேன். அவளுக்கு நான் பாதியில் திரும்பி வராமல் படித்து முடிக்க வேண்டும், அதற்காக ஒரு வாரம் என்னைத் தொடாமல் இருக்கிறாள்.

அம்மாவிடம் சொன்னேன். “அவர என்ன பண்ணச் சொல்ற? நீயாச்சு ஒங்கப்பாவாச்சு,” என்றாள்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் கார் நகர வேண்டும். அம்மா சுற்றிக்கொண்டு வந்து காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அத்தை எனக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தார். கொல்லையில் ஏதோ தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன்.

சுவருக்கு மேல் அப்பாவின் தலை தெரிந்தது. துவைக்கிற கல்லில் ஏறி நின்றிருக்கிறார். பரீட்சை டியூட்டிக்கான வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலை மாதிரி அந்தத் தராசு. தெருவையும் மிதிக்கவில்லை, வாசப்படியையும் மிதிக்கவில்லை. ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிற மனிதர் ஒரு காலைத் தூக்கிச் சுவரில் போட்டார்.

கொல்லையில் மாமா பல் விளக்கிக்கொண்டு நின்றிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு, சிமெண்ட் காய்ந்துபோன ஒரு ஸ்டூலை இழுத்து வந்து சுவர் ஓரம் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாயில் இருந்ததைத் துப்பினார்.

“பாத்து சார். அங்கிட்டு செங்கல் ஆடும்.”

இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால் என்று உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்: “அதத்தான் அன்னைக்கே சொன்னேன்.”

சொல்லி முடிப்பதற்குள் செங்கல் பெயர்ந்தது. அப்பா பாதி ஸ்டூலிலும் பாதி மாமா மேலும் வந்து இறங்கினார். முழங்கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டே கூடத்துக்கு வந்து, என்னைப் பார்க்காமல் நேராகப் பெட்டியிடம் போனார். கொக்கியை மாட்டித் தூக்கினார். நான் முள்ளைப் பார்த்தேன். இருபத்து மூன்றைத் தாண்டி ஒரு கோடு தள்ளி நின்றது. அரை மார்க்குக்காகப் பிள்ளைகளை அழவிட்ட மனிதர் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியா இருக்கு,” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தலையில் கையை வைத்து, “அங்க மழைல நனையாத” என்றார். வெளியே அம்மா ஹாரனை அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாசப்படி தாண்டித் திரும்பிப் பார்த்தேன். அப்பா படிக்கு உள்ளேயே நின்றார். மாமா அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

திருச்சியில் கவுண்டரில் பெட்டி ஒரு கிலோ கூட என்று திருப்பிவிட்டார்கள். பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் எடுத்துக்கொண்டு வெளியே அம்மாவிடம் ஓடி வந்தேன். அவள் போனில் இருந்தாள், அத்தைதான் மறுமுனையில். அப்பாவின் முழங்கால் வீங்கிவிட்டது, சுவர் ஏற முடியவில்லை. வாசல் வழியாகப் போகச் சொன்னால் படியை மிதிக்க மாட்டேன் என்று கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சொல்லி வேறு ஆளைப் போட்டாயிற்று. மாமாவும் அவரும் சிமெண்டுக் கலவையில் மணல் எவ்வளவு போட்டிருக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மத்தியானம் ஆகிவிட்டது, வீட்டில் மீன் குழம்புதான் வைத்திருக்கிறது, சாருக்கு ஊற்றலாமா?

வியாழக்கிழமைக்குப் பிறகு அம்மா அழுது நான் பார்க்கவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக என்னைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்.

“ஊத்துங்க. போன எடத்துல கெடைக்கிறதத்தான் சாப்பிடணும்.”