நாவற்குழியில் நின்ற கார்

கொடிகாமத்தில் அக்கா வீட்டில் காலைச் சாப்பாடு முடித்துத் தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் என் கைபேசி கிணுக்கென்று ஒருமுறை அடிக்கும். நோர்வேயில் பனிக்குள் நிற்கிற என் கார்தான் செய்தி அனுப்பியிருக்கும். உள்ளே சூடாகிவிட்டது, கண்ணாடியில் பனி உருகிவிட்டது, புறப்படலாம் என்று எழுதியிருக்கும். நான் சாரத்தோடு, மேலில் சட்டையும் இல்லாமல், மின்விசிறிக்குக் கீழே இருந்து அதை வாசிப்பேன். அங்கே அப்போது விடியாத ஐந்து மணி. நான் மீன் தொழிற்சாலைக்குப் புறப்படுகிற நேரம். வேலை நாட்களில் அந்த நேரத்துக்குத் தானாகச் சூடாகும்படி மகள் ஒழுங்கு செய்து தந்தாள். ஒருமாத லீவில் வரும்போது அதை நிறுத்திவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. மனைவிக்குக் கார் ஓடத் தெரியாது. ஆகவே ஆளில்லாத கார் ஒன்று வேலை நாளெல்லாம் எனக்காகச் சூடாகி, கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, மறுபடி குளிர்ந்துபோகிறது.

நாங்கள் இருக்கிற சின்ன ஊரில் இப்போது பெரும்பாலும் எல்லாம் மின்சாரக் கார்தான். வீட்டுக்கு வீடு சுவரிலிருந்து ஒரு வயர் இறங்கி வந்து காரில் கொழுவியிருக்கும். கன்றுக்குட்டியைக் கட்டையில் கட்டிவிட்டதுபோல் இருக்கும். அவரவர் கன்று அவரவர் வாசலில். ஒருநாள் கடும் பனியில் பக்கத்து வீட்டுக் கிழவர் பஸ் தரிப்பிடத்தில் நிற்பதைக் கண்டு நான் காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். நன்றி சொன்னார், ஏறவில்லை. பின்னேரம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். என்னைப் பார்த்தால் நடக்க ஏலாதவன் போலத் தெரிகிறதா என்று உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். நான் கூச்சக்காரன். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. அவருடைய மொழியில் இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு முகம் வாடிப் போனார்.

தொழிற்சாலையில் இடைவேளைக் கதை எல்லாம் இந்தக் கார்களைப் பற்றியதுதான். எது எவ்வளவு தூரம் ஓடும், எது குளிர் தாங்கும், எதற்கு வீதியோரத்தில் கெதியாக மின்சாரம் ஏறும். மேற்பார்வையாளரின் கார் பெரியது, குளிரிலும் அவ்வளவு குறையாது. என்னுடையது சின்னது. மாரியில் பாதித் தூரத்தைக் குளிர் தின்றுவிடும். நான் சூடாக்கியை நிறுத்திவிட்டு, தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, சொந்தக் காருக்குள் நடுங்கிக்கொண்டு ஓடுவேன். ஆனால் பனி கரைந்ததும் போன தூரம் முழுவதும் திரும்பி வந்துவிடும். அதனால் மின்சாரக் கார் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அத்தான் கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்தமாக வாங்கிக் கொழும்புக்கு ஏற்றியவர். நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன அந்த வருடத்தில்தான் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணத்துக்குப் போய் மிசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. பெற்றோல் வரிசையில் நின்று சில முறைகளைத் தவறவிட்டார். அக்கா தொலைபேசியில் அழுதாள். ஜப்பானில் ஓடிப் பழசாகி வந்த மின்சாரக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, நல்லதா என்று அத்தான் என்னிடம் கேட்டார். போக வரத் தேவையான தூரத்தை நானும் அவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். காணும் என்றுதான் வந்தது.

காரை வாங்கிய அன்று கோயிலடியில் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, ஐயர் கற்பூரத்தட்டோடு காத்துக்கொண்டு நின்றாராம். ஸ்ராட் பண்ணச் சொன்னாராம். பண்ணித்தான் நிற்கிறது என்று அத்தான் சொல்ல, ஐயர் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு நம்பாமலே தீபம் காட்டினாராம். இதை அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் கணக்கில் இரண்டு பிழை இருந்தது. ஒன்று வெயில். குளிரில் போன தூரம் திரும்பி வரும், வெயிலில் போனது வராது. மீற்றருக்குப் பக்கத்தில் பற்றரியின் பலத்தைக் காட்டுகிற கோடுகள் இருக்கின்றன. நான் இம்முறை வந்து பார்த்தபோது அதில் பாதிக்கு மேல் இல்லை. சந்தைக்குப் பக்கத்து மெக்கானிக் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உதுக்குள்ளை எனக்குத் தொட ஒண்டும் இல்லை அண்ணை என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அத்தான் மட்டும் பகிடி விட்டார்.

"நானும் உதுவும் ஒரே கேஸ் மச்சான். ரெண்டு பேரையும் கொழுவிப்போட்டுக் காவல் இருக்க வேண்டியதுதான்."

மற்றப் பிழை இன்னும் பெரியது. அத்தானும் அக்காவும் போகிற வருகிற தூரத்தை மட்டுமே நாங்கள் கணக்கில் எடுத்திருந்தோம். இந்த ஒழுங்கையில் கார் நிற்கிற வீடு இது ஒன்றுதான். கார் நிற்கிற வீட்டில், வருத்தக்காரருக்கும் பிள்ளை பெறப் போகிறவளுக்கும் கார் இல்லை என்று சொல்கிற வழக்கம் இல்லை. வந்து கேட்கிறவரும் உதவி கேட்கிற மாதிரிக் கேட்பதில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ள வருகிற மாதிரி வருவார்.

போன கிழமை, அத்தான் மிசினுக்குப் போக இருந்த நாளுக்கு முதல்நாள் பின்னேரம், காரை வயரில் கொழுவி முழுக்க ஏற்றி முடித்திருந்தேன். அப்போது முன்வீட்டு மணியண்ணை பையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பி, பிள்ளைக்கு நோ தொடங்கீட்டுது. ஒருக்கா சாவகச்சேரி ஆஸ்பத்திரி மட்டும்."

நான் அத்தானைப் பார்த்தேன். ஓட்டோ பிடிக்கலாமே என்று வாய்வரைக்கும் வந்தது. கிரவல் ஒழுங்கையில் பிள்ளைப்பேற்று நோவோடு அவருடைய மகளைக் குலுக்கிக்கொண்டு போகச் சொல்ல முடியவில்லை. அத்தான் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, "என்னத்தைப் பாக்கிறாய், திறப்பை எடு" என்றார்.

கொண்டுபோய் விட்டோம். திரும்பி வந்தால் சுடுதண்ணீர்ப் போத்தலும் துணிகளும் வீட்டில் மறந்துபோய்விட்டன என்றார்கள். அதையும், அழுதுகொண்டு நின்ற மணியண்ணையின் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். இருட்டியதும் வயரைக் கொழுவினேன். எல்லா வீட்டிலும் மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைக்கிற நேரம். மின்சாரம் இழுவையாக வந்தது. காரின் நீல வெளிச்சம் மினுங்கி மினுங்கி நின்றுபோயிற்று. பிறகு ஒழுங்கை முழுவதும் இருண்டது. விடிகிற நேரத்தில்தான் மின்சாரம் திரும்பி வந்தது; முழுக்க ஏற்ற நேரம் இருக்கவில்லை. மணியண்ணை படலைக்கு வெளியே நின்று, பெட்டைப் பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சந்தோஷப்பட்டாள். நான் மீற்றரைப் பார்த்தேன்.

யாழ்ப்பாணம் போய்ச் சேர மட்டுமட்டாகக் காணும் என்று காட்டியது. அங்கே எங்காவது கொழுவலாம் என்று அத்தான் சொன்னார். ஓட்டோவைக் கூப்பிடுவமே என்று அக்கா கேட்டதற்கு, அதில் குலுங்கிப் போனால் தனக்கு நாரி விட்டுப்போகும், உந்தக் கார் போய்ச் சேரும் என்றார் அத்தான். காட்டுகிற தூரம் நம்பக்கூடிய தூரம் இல்லை என்று எனக்குத் தெரியும். பனிக்குள் எத்தனை தரம் பட்டிருக்கிறேன். ஆனால் அத்தானுக்கு முன்னால் நான் எப்போது வாய் திறந்திருக்கிறேன்?

குளிரூட்டியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மெல்ல மெல்ல ஓடினேன். பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு விலத்திப் போயின. சாவகச்சேரி தாண்டியதும் மீற்றர் கடகடவென்று இறங்கியது. கைதடி தாண்டியதும் ஆமைப் படம் ஒன்று எரிந்தது. பற்றரி முடியப் போகிறது என்பதற்கு அடையாளம் அது.

"உது என்ன, ஆமையே?" என்றார் அத்தான்.

"ஓம் அத்தான்."

"ஆமையெண்டாலும் போய்ச் சேருமெல்லே."

நாவற்குழியில் நிழல் ஒன்றும் இல்லாத வெளியில் கார் சத்தமில்லாமல் நின்றது. மாசி வெயில். அத்தானுக்கு வேர்த்து ஊற்றியது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, தான் வீட்டுக்குக் கொண்டுபோன இளநீரில் ஒன்றை வெட்டி அத்தானிடம் நீட்டினார். இந்த வருத்தத்துக்கு இளநீர் நஞ்சு. தண்ணீரே அளந்துதான் குடிக்க வேண்டும். அத்தான் அதை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு என்னிடம் தந்தார். அந்த மனிதர் பார்த்துக்கொண்டு நின்றதால் நான் குடித்தேன். அத்தான் நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்றாள். பிந்திப் போனால் மிசின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்போது கொடிகாமத்திலிருந்து மரக்கறி ஏற்றிவந்த பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று அத்தானைக் கண்டு நின்றது. முதலாளி, ஏறுங்கோ என்றான் சாரதி. முன்னுக்கு அத்தானும் அக்காவும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். பின்னுக்குப் பூசணிக்காய். எனக்கு இடமில்லை. நான் காரோடை நிக்கிறன் என்றேன்.

தனியே நிற்கிற என்னைப் பார்த்துப் போகிற வருகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். வங்கிக்கோ கந்தோருக்கோ போகிறவர் போல உடுத்திருந்த ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, பெற்றோல் முடிஞ்சுதோ என்று கேட்டார். விளங்கப்படுத்த வெட்கமாக இருந்தது. ஓம் என்றுவிட்டேன். அவர் திரும்பிப் போய் ஒரு சோடாப் போத்தலில் பெற்றோலோடு வந்தார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

"வெளிநாடோ?"

"ஓம்."

"அதுதான். இஞ்சை மீற்றரைப் பாத்து ஓடவேணும் அண்ணை."

அவர் வேலைக்குப் பிந்துகிறது என்று போய்விட்டார். அக்கா கைபேசியில் எடுத்தாள். மிசினில் போட்டாயிற்று, பிந்தியதால் நேரத்தைக் குறைத்துத்தான் விடுவார்களாம் என்றாள். குறைத்தால் இரவு அத்தானுக்கு மூச்சு முட்டும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"காரைக் கவனமாப் பாக்கட்டாம்."

நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, சுடுகிற இருக்கையில், பெற்றோல் போத்தலை மடியில் வைத்தபடி இருந்தேன். அதை ஊற்ற அந்தக் காரில் ஓட்டை இல்லை. வீதியில் ஊற்றவும் மனம் வரவில்லை. அப்போது கைபேசி கிணுக்கென்று அடித்தது. உள்ளே சூடாகிவிட்டது, கண்ணாடியில் பனி உருகிவிட்டது, பற்றரி நிறைந்திருக்கிறது. புறப்படலாம் என்றது.